தொட்டிச் சுவரில் ஒரு குழாய்: காப்புரிமைப் பரிசீலனை பற்றிய விளக்கம்

கிராமங்களில் குடிநீர் வசதி பெருகப் பெருக, அதனைச் சார்ந்த சிறு கருவிகளும் பெருகி வருகின்றன. மேல்நிலை நீர்த்தொட்டி, பம்பு, குழாய், வால்வு முதலியவற்றைப் பற்றிப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் இன்று நன்கு அறிந்திருக்கின்றனர். ஆனால், இவற்றை விற்க வருவோரின் விலைப்பட்டியலில் "காப்புரிமை பெற்றது" என்றோ, "காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது" என்றோ எழுதியிருப்பதைக் காணும்போது, அச்சொற்களின் பொருள் யாது, அவற்றிற்காகக் கூடுதல் விலை கொடுப்பது தகுமா என்னும் ஐயம் எழுகின்றது. மற்றொருபுறம், கிராமத்திலேயே பட்டறை வைத்துத் தொழில் புரியும் ஒருவர் தம் அனுபவத்தின் பயனாகப் புதிய கருவியொன்றைச் செய்துவிட்டால், அதனைக் காத்துக்கொள்ளும் முறை அறியாமல், தமக்கு உரியதைத் தாமே இழந்துவிட நேர்கின்றது. ஏமாறாமல் பொருள் வாங்குவதற்கும், இழக்காமல் பொருள் படைப்பதற்கும் அறிய வேண்டுவது ஒன்றே. காப்புரிமை விண்ணப்பம் எவ்வாறு பரிசீலிக்கப்படுகின்றது என்பதே அது. அதனை ஒரு சிறு குழாய் இணைப்பைக் கொண்டு இக்கட்டுரையில் விளக்குவோம்.

காப்புரிமை என்றால் என்ன?

"பேட்டண்ட்" என்று பொதுவாக வழங்கும் காப்புரிமை, புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு அரசு அளிக்கும் உரிமையாகும். அவருடைய அனுமதியின்றிப் பிறர் அப்பொருளைச் செய்யவோ, பயன்படுத்தவோ, விற்கவோ, வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யவோ கூடாது. இவ்வுரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு நிற்கும். இடையில் புதுப்பிக்கும் கட்டணங்களைச் செலுத்தத் தவறினால் அதற்கு முன்பே முடிந்துவிடும். இவ்வுரிமைக்கு ஈடாகக் கண்டுபிடித்தவர் செய்ய வேண்டுவது ஒன்று உண்டு. தம் கருவி எவ்வாறு அமைந்துள்ளது, எவ்வாறு இயங்குகின்றது என்பதை, அத்தொழில் அறிந்த பிறர் படித்துச் செய்துகொள்ளும் அளவுக்கு ஒளிவுமறைவின்றி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். உரிமைக்காலம் முடிந்ததும் அக்கருவி நாட்டு மக்கள் அனைவருக்கும் பொதுவாகிவிடும்.

இந்தியாவில் இதற்கான முதற் சட்டம் 1856 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பின்னர் 1911 ஆம் ஆண்டின் சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னர், நம் தேவைக்கேற்ப அச்சட்டத்தைத் திருத்தி அமைப்பது குறித்து ஆராயும் பொறுப்பு நீதிபதி என். ராஜகோபால ஐயங்காரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் 1959 ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையைப் பெரிதும் தழுவியே 1970 ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் உருவாயிற்று. 1972 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், 1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் செய்யப்பட்ட திருத்தங்களுடன் இன்றும் நிலவுகின்றது. காப்புரிமை அலுவலகங்கள் கொல்கத்தா, டில்லி, மும்பை, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் உள்ளன. தமிழ்நாட்டில் வசிப்போரின் விண்ணப்பங்கள் சென்னை கிண்டியில் உள்ள அலுவலகத்தைச் சேரும்.

சுவரை ஊடுருவும் குழாய்

நீர்த்தொட்டியின் சுவரில் துளையிட்டுக் குழாயைப் பொருத்தும் வேலை எளிதாகத் தோன்றினும், தொட்டிகள் பெரும்பாலும் கசியத் தொடங்குவது அவ்விடத்திலேதான். கடைகளில் "டேங்க் நிப்பிள்" என்று கேட்டால் தருவார்களே, அதுவே இதற்கு உதவும் கருவி. மரை வெட்டிய குட்டைக் குழாய் ஒன்று. அதன் ஒரு முனையில் அகன்ற விளிம்புத் தட்டு. சுவரின் இருபுறமும் ரப்பர் வாஷர். வெளிப்புறத்தில் இறுக்கும் நட்டு. அமைப்பு இவ்வளவே. இதனைப் பொருத்தும்போது, தொட்டியினுள் ஒருவர் இறங்கித் தட்டைச் சுழலாமல் பிடித்துக்கொள்ள, வெளியே மற்றொருவர் நட்டை முறுக்குவது வழக்கம். அதற்காகத் தொட்டியை வடிக்க வேண்டும். அன்று ஊருக்குத் தண்ணீர் நிற்கும்.

இக்குறையைப் போக்க ஒரு கிராமத்துக் குழாய்ப் பணியாளர் ஒரு வழி கண்டார் என்று உதாரணத்திற்காக வைத்துக்கொள்வோம். அவர் வட்டத் துளைக்குப் பதிலாக நீள்வட்டத் துளை இடுகின்றார். விளிம்புத் தட்டையும் நீள்வட்டமாகவே, துளையைக் காட்டிலும் சற்றுப் பெரிதாகச் செய்கின்றார். தட்டைச் சாய்த்துப் பக்கவாட்டில் துளையின் வழியே உள்ளே செலுத்தித் திருப்பி, குழாயை வெளியே இழுத்தால், தட்டு உட்சுவரில் படிந்து துளையை முழுவதும் மூடிக்கொள்ளும். தட்டின் மேல் ஒரு நீள்வட்ட மேடு உண்டு. அது துளைக்குள் பொருந்திவிடுவதால், நட்டை முறுக்கும்போது குழாய் சுழல்வதில்லை. மேலும், அம்மேட்டின் பக்கங்கள் சரிவாக இருப்பதால், நட்டு இறுக இறுக, அதனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் விரிந்து, துளையின் கரடுமுரடான விளிம்போடு நெருங்கி அடைத்துவிடும். தொட்டியினுள் எவரும் இறங்க வேண்டுவதில்லை. ஒருவரே வெளியிலிருந்து வேலையை முடிக்கலாம். இக்கருவிக்குக் காப்புரிமை கிடைக்குமா?

உரிமைக் கோரிக்கையே உயிர்நிலை

விண்ணப்பத்துடன் தரும் விவரக்குறிப்பில் படங்களும் விளக்கமும் இருக்கும். அதன் இறுதியில் "உரிமைக் கோரிக்கைகள்" என்னும் பகுதி எண்ணிட்ட வாக்கியங்களாக அமையும். நிலத்தை விற்கும் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது போன்றது இப்பகுதி. பத்திரத்தில் எல்லை தவறினால் நிலம் தவறுவது போலவே, கோரிக்கை தவறினால் உரிமையும் தவறிவிடும். பரிசீலனை அதிகாரி கருவியை வாங்கித் தொட்டியில் மாட்டிப் பார்ப்பதில்லை. கோரிக்கையில் எழுதப்பட்ட சொற்களை எடுத்து, அதற்கு முன்பே உலகில் அறியப்பட்டவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே அவருடைய முதன்மையான பணியாகும்.

நம் பணியாளர் மூன்று கோரிக்கைகள் எழுதுகின்றார். முதலாவது: தொட்டிச் சுவரை ஊடுருவும் குழாய், விளிம்புத் தட்டு, வாஷர், நட்டு ஆகியவை கொண்ட இணைப்பு. இரண்டாவது: அவ்விணைப்பில் தட்டு நீள்வட்டமாக அமைந்து, நீள்வட்டத் துளையின் வழியே வெளியிலிருந்து செலுத்தத்தக்கதாக இருத்தல். மூன்றாவது: அத்தட்டில் துளைக்குள் பொருந்தும் சரிவான மேடு அமைந்து, அது குழாயைச் சுழலாமல் தடுப்பதோடு, ரப்பர் வளையத்தை விரித்துத் துளையை அடைத்தல்.

பரிசீலனை நடைபெறும் முறை

விண்ணப்பம் கொடுத்தவுடன் பரிசீலனை தானாகத் தொடங்கிவிடுவதில்லை. அதற்கெனத் தனியே ஒரு கோரிக்கை மனுவைக் கட்டணத்துடன் கொடுக்க வேண்டும். 2024 ஆம் ஆண்டின் விதித் திருத்தத்திற்குப் பின் கொடுக்கப்படும் விண்ணப்பங்களுக்கு இதற்கான கெடு 31 மாதங்கள். முன்பு 48 மாதங்களாக இருந்தது. கெடு தவறினால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். தனிமனிதர் இணையவழி விண்ணப்பிக்க அடிப்படைக் கட்டணம் ரூ.1,600, பரிசீலனைக்கு ரூ.4,000. பொதுவாக 18 மாதங்கள் கழிந்ததும் விண்ணப்பம் காப்புரிமை இதழில் வெளியிடப்பட்டு, எவரும் படிக்கும்படி ஆகிவிடும்.

மனு கிடைத்த பின், பரிசீலனை அதிகாரி உலகெங்கிலும் வெளியான காப்புரிமை ஆவணங்கள், நூல்கள், விலைப்பட்டியல்கள் ஆகியவற்றைத் தேடுகின்றார். கோடிக்கணக்கான ஆவணங்களில் தேடுவது எவ்வாறு இயலும் என்று வியப்புத் தோன்றலாம். நூலகத்தில் நூல்களைப் பொருள்வாரியாக அடுக்குவது போல, காப்புரிமை ஆவணங்கள் பன்னாட்டு முறைப்படி வகை பிரிக்கப்பட்டுள்ளன. அம்முறையில் குழாய்களும் அவற்றின் இணைப்புகளும் "எஃப் 16 எல்" என்னும் பிரிவில் அடங்கும். அதற்குள்ளும், சுவர்களை ஊடுருவிச் செல்லும் குழாய்களுக்கான அமைப்புகளுக்கு 5 ஆம் எண்ணும், குழாயைச் சுவரோடு இணைக்கும் முறைகளுக்கு 41 ஆம் எண்ணும் தனியே உள்ளன. ஆகவே, தேடுபவர் நேரே உரிய அடுக்குக்கே சென்றுவிடலாம்.

முதற் கேள்வி: இது புதியதா?

கோரிக்கையில் கூறிய உறுப்புகள் யாவும் ஒருங்கே அமைந்த பொருள், விண்ணப்பத் தேதிக்கு முன்பே ஓர் ஆவணத்தில் வெளியாகியிருந்தாலும், மக்களிடையே வழக்கில் இருந்தாலும், அக்கோரிக்கை புதியதன்று. நம் பணியாளரின் முதற் கோரிக்கை இக்கேள்வியிலேயே வீழ்ந்துவிடுகின்றது. கடையில் விற்கும் டேங்க் நிப்பிளையே அது வருணிக்கின்றது. அதனைத் தாமே சுயமாகச் சிந்தித்துச் செய்ததாக ஒருவர் மெய்யாகவே கூறினாலும் பயனில்லை. உலகுக்கு அது புதியதா என்பதே சட்டம் கேட்பது.

இரண்டாம் கேள்வி: இது எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியதா?

இரண்டாம் கோரிக்கையில் உள்ளவாறு நீள்வட்டத் தட்டுக் கொண்ட தொட்டி இணைப்பு எந்த ஓர் ஆவணத்திலும் இல்லை என்று கொள்வோம். ஆகவே அது புதியதே. ஆனால், அதிகாரி நீராவிக் கொதிகலன்களைச் சுட்டிக்காட்டுவார். கொதிகலனைத் துப்புரவு செய்வதற்காக வைக்கும் வாயில் நீள்வட்டமாக இருப்பது பழைய வழக்கம். அதன் மூடி வாயிலைக் காட்டிலும் பெரிதாயினும், நீள்வட்டமாக இருப்பதனால் சாய்த்து உள்ளே செலுத்தி, உட்புறத்திலிருந்து மூடும்படி அமைக்க முடிகின்றது. "துளையைவிடப் பெரிய தட்டை வெளியிலிருந்து உள்ளே செலுத்துவதற்கு நீள்வட்டமே வழி என்பது நெடுங்காலமாக அறியப்பட்டது. குழாய்த் தொழில் அறிந்த ஒருவர் அதனைத் தொட்டி இணைப்புக்குப் பயன்படுத்துவதில் புதுப்புனைவு ஏதுமில்லை" என்பது அவருடைய ஆட்சேபணையாக இருக்கும்.

சட்டம் இதனைப் "புதுப்புனைவுப் படி" என்று கருதுகின்றது. முன்பிருந்த அறிவைக் காட்டிலும் தொழில்நுட்ப முன்னேற்றமோ, பொருளாதாரச் சிறப்போ, இரண்டுமோ இருத்தல் வேண்டும். அத்துடன் அத்தொழிலில் தேர்ந்தவருக்கு அது எளிதில் தோன்றாததாகவும் இருத்தல் வேண்டும். அறிந்த கருவிகள் இரண்டைப் பக்கத்தில் பக்கம் வைத்து, ஒவ்வொன்றும் தத்தம் பழைய வேலையையே தனித்தனியே செய்யுமாயின், அது கண்டுபிடிப்பு ஆகாது என்று சட்டத்தின் 3 ஆம் பிரிவு வெளிப்படையாகவே கூறுகின்றது. அதே பிரிவின்படி, வேளாண்மை முறைக்கும், வழிவழி வந்த மரபு அறிவுக்கும் காப்புரிமை கிடையாது. ஆகவே, புதிய நடவு முறையொன்றுக்கு எவரும் தனியுரிமை கொண்டாட முடியாது என்பதை விவசாயிகள் மனத்திற் கொள்ளலாம்.

இத்தகைய வினா நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றதுண்டு. உத்தரப் பிரதேசத்தின் மீர்சாப்பூரில் உலோகப் பாத்திரம் செய்யும் ஒரு நிறுவனம், கடைசல் இயந்திரத்தில் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்தும் ஒரு முறைக்கு 1950களில் காப்புரிமை பெற்றிருந்தது. பாத்திரத்தை ஒட்டியோ, கவ்வியோ நிறுத்தும் பழைய முறைக்கு மாறாக, எதிர்ப்புறத்திலிருந்து அழுத்திப் பிடிப்பது அம்முறை. வேலை எளிதாயிற்று என்பது மெய்யே. ஆயினும் 1978 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், அது பட்டறையில் கைத்திறன் உடையவர் எவரும் செய்யக்கூடிய சாதாரணச் சீர்திருத்தமே என்று கண்டு, அக்காப்புரிமை செல்லாது என முடிவு செய்தது. பயன் தருவது மட்டும் போதாது. பட்டறைச் சீர்திருத்தத்திற்கு அப்பால் ஒரு படி ஏறியிருக்க வேண்டும் என்பது இவ்வழக்கால் நிலைபெற்ற நெறியாகும்.

பதிலும் திருத்தமும்

அதிகாரியின் ஆட்சேபணைகள் "முதற் பரிசீலனை அறிக்கை" என்ற பெயரில் விண்ணப்பதாரருக்கு அனுப்பப்படும். பதில் அளிக்க ஆறு மாத அவகாசம் உண்டு. கட்டணத்துடன் நீட்டிப்பும் கேட்கலாம். இவ்வறிக்கையைக் கண்டு மனம் தளர்ந்து, விண்ணப்பம் தள்ளப்பட்டுவிட்டதாக எண்ணிக் கைவிடுதல் பெருந்தவறாகும். ஆட்சேபணை எழுப்புவதே அவ்வறிக்கையின் பணி. பதில் உரைப்பதற்கே அது அனுப்பப்படுகின்றது.

நம் பணியாளர் இப்போது முதல் இரண்டு கோரிக்கைகளையும் விட்டுவிட்டு, மூன்றாவதனை மட்டும் நிலைநிறுத்துகின்றார். ஒரே மேடு, சுழற்சியையும் தடுத்து, ரப்பரையும் விரித்து, இரு வேலைகளை ஒருங்கே செய்வது பழைய நிப்பிளிலும் இல்லை, கொதிகலன் மூடியிலும் இல்லை என்று அவர் எடுத்துக்காட்டலாம். கரடுமுரடான கான்கிரீட் துளையிலும் கசிவு நிற்பது இதனால்தான் என்றும் விளக்கலாம். ஆட்சேபணை தீராவிடில், கட்டுப்பாட்டாளர் அவரை நேரில் விசாரித்த பின்னரே முடிவு செய்வார். முடிவில் உரிமை கிடைத்தால், அது அந்தச் சரிவான மேட்டு அமைப்புக்கு மட்டுமே கிடைக்கும். சாதாரண நிப்பிளையோ, வேறு வகையில் அடைக்கும் நீள்வட்டத் தட்டையோ செய்வோரை அவர் தடுக்க இயலாது. எல்லை சுருங்கினாலும், உறுதியான பட்டா கையில் இருக்கின்றது.

முந்திக் காட்டினால் முழுதும் போகும்

கைவினைஞர்கள் பெரும்பாலும் இழப்பது அதிகாரியின் ஆட்சேபணையால் அன்று. புதிய கருவியைச் செய்தவுடன் பலரும் காண விற்பதும், விளக்கி எழுதி வெளியிடுவதும், கைப்பேசியில் படம் எடுத்து உலகெங்கும் பரப்புவதும் வழக்கமாகிவிட்டன. விண்ணப்பத்திற்கு முன் இவ்வாறு வெளியாகும் ஒவ்வொன்றும், செய்தவருக்கு எதிராகவே சான்றாக நிற்கக்கூடும். மத்திய அரசு இதற்கென அறிவித்த கண்காட்சியில் வைப்பதற்கும், இயல்பால் பொதுவிடத்தில்தான் செய்யக்கூடிய நியாயமான சோதனைக்கும் சட்டம் ஓராண்டு வரை சலுகை அளிக்கின்றது. ஆனால் அச்சலுகை குறுகியது; அதனை நம்பிக் காலம் கடத்துதல் விவேகமன்று.

இதற்கு எளிய வழி உண்டு. கருவி முழுமை அடையாத நிலையிலும், கருத்து தெளிவானவுடன் "தற்காலிக விவரக்குறிப்பு" ஒன்றைக் கொடுத்துத் தேதியைப் பெற்றுக்கொள்ளலாம். அதிலிருந்து 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுத்தல் வேண்டும். அதற்கிடையில் கருவியைச் செப்பனிட்டுக்கொள்ளலாம். வழக்கறிஞரோ, முகவரோ அமர்த்தும் வசதியற்ற கிராமத்துக் கண்டுபிடிப்பாளர்களுக்கு, 2000 ஆம் ஆண்டில் குஜராத்தில் தோற்றுவிக்கப்பட்ட தேசியப் புத்தாக்க நிறுவனம் உதவி புரிந்து வருகின்றது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் நினைவிற் கொள்ள வேண்டியவை

முதலாவதாக, காப்புரிமை என்பது தரச்சான்று அன்று. குழாய் கசியுமா, எத்தனை ஆண்டு உழைக்கும் என்பவற்றைக் காப்புரிமை அலுவலகம் சோதிப்பதில்லை. தரத்திற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையையும், பொறியாளரின் சோதனையையுமே நோக்குதல் வேண்டும்.

இரண்டாவதாக, "விண்ணப்பிக்கப்பட்டுள்ளது" என்பதற்கும் "பெற்றது" என்பதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. விண்ணப்பம் கொடுப்பது எவர்க்கும் எளிது. பரிசீலனையைக் கடப்பதே அரிது. விற்பவரிடம் காப்புரிமை எண்ணைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். அவ்வெண்ணைக் கொண்டு, உரிமை நடைமுறையில் உள்ளதா, எதற்கு அளிக்கப்பட்டது என்பதைக் காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தளத்தில் கட்டணமின்றிக் காணலாம். இல்லாத காப்புரிமையை இருப்பதாகக் கூறி விற்பது தண்டனைக்குரியது. 2023 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் அதற்கு ரூ.10 லட்சம் வரை தண்டத்தொகை விதிக்க இடமளிக்கின்றது.

மூன்றாவதாக, ஊரில் நெடுநாளாக வழங்கிவரும் ஒரு கருவிக்கு யாரேனும் காப்புரிமை கோரினால், மக்கள் வாளா இருக்க வேண்டுவதில்லை. விண்ணப்பம் வெளியானது முதல் உரிமை வழங்கப்படும் வரை எவரும் உரிய படிவத்தில் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். வழங்கிய பின்னரும், அதில் அக்கறை உடையவர் ஓராண்டுக்குள் எதிர்க்கலாம். ஆனால் "எங்கள் ஊரில் இது பழையது" என்று வாயால் சொல்வது மட்டும் எளிதில் நிலைக்காது. தேதியிட்ட ரசீது, வேலை மதிப்பீடு, அளவைப் புத்தகம், புகைப்படம் ஆகியவையே பேசும். பஞ்சாயத்து அலுவலகத்தில் பழைய குடிநீர்ப் பணிக் கோப்புகளை ஒழுங்காகப் பாதுகாத்து வைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஊரில் ஒரு பணியாளர் புதிய இணைப்பொன்றைக் கொண்டுவந்து காட்டினால், அதனைத் தொட்டியில் பொருத்துமுன் அவரை ஒரு கேள்வி கேளுங்கள்: "விண்ணப்பம் கொடுத்துவிட்டீர்களா?" அக்கேள்வி ஒன்றே அவருடைய பல ஆண்டு உழைப்பைக் காத்துவிடக்கூடும். பெருநிறுவனத்தின் விற்பனையாளர் வந்து காப்புரிமையின் பெயரால் கூடுதல் விலை கேட்டால், அவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "எண் என்ன?" இவ்விரு கேள்விகளையும் தயங்காது கேட்கும் பஞ்சாயத்து, தன் ஊர்த் தொழிலாளியின் அறிவையும் தன் ஊர்ப் பணத்தையும் ஒருங்கே காத்துக்கொள்ளும் என்பதில் ஐயமில்லை.